களமும் கதிரையும்: புலம்பெயர்ந்தோரும் இலங்கை உதைபந்தாட்டமும்

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், திருக்கோவிலை எய்துமுன் எதிர்ப்படும் சிற்றூர் கோமாரி. ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் பற்றைக்காடும். கடற்றொழிலும் வேளாண்மையும் இவ்வூரார்க்குச் சீவனம். மாலையானதும் கரைவலை உலரும் மணலிலே சிறுவர் தடிகளை நட்டுக் கோலாக்கிப் பந்துதைப்பர். அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல மணல் மைதானமாகும், வெறுங்கால் சப்பாத்தணியும், பார்வையாளர் தொகையும் பெருகும். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் ஓர் இறுதிப்போட்டி நிகழும் நாளில், இக்கரையோரம் இவ்விளையாட்டின்மீது கொண்டுள்ள பற்றினை எவரும் ஐயுறார். இத்துணைப் பற்றுள்ள ஒரு பிரதேசத்துக்கும் நாட்டின் தேசிய அணிக்கும் இடையிலுள்ள தொடர்பு யாது என வினவுமிடத்துத்தான் சங்கடம் எழுகின்றது. கோமாரியிலிருந்து கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலுக்கு உள்ள தூரம் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஜெர்மனியிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அத்திடலுக்கு உள்ள தூரம் பல்லாயிரம் கிலோமீற்றர். ஆயினும் அண்மைக்காலத்தில் இரண்டாவது தூரமே எளிதாகக் கடக்கப்பட்டு வந்துள்ளது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பீபா எனப்படும் சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி, ஒரு நாட்டின் குடியுரிமையுடைய ஒருவர், தாமோ, தம் பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ அந்நாட்டிற் பிறந்திருப்பின் அந்நாட்டுக்கு ஆடலாம். இலங்கையோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளித்த நாடு. எனவே கதவு நெடுங்காலமாகத் திறந்தே இருந்தது. அதன்வழி எவரையும் அழைக்கும் எண்ணந்தான் பிந்தி வந்தது. இங்கிலாந்திற் பிறந்த மார்வின் ஹமில்டன் முன்னோடிகளுள் ஒருவர். ஆயினும் பொதுமக்களின் கவனத்தை ஈர்த்தவர் பெர்லினிற் பிறந்த வசீம் ராசிக் ஆவார். 2021 யூன் மாதம் தென்கொரியாவில் நிகழ்ந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் லெபனானுக்கு எதிராக இலங்கை 2-3 எனத் தோற்றது. அவ்விரு கோல்களும் அவருடையவை. தோல்வியே எனினும், தொடர்ந்து பெருந்தோல்விகளைக் கண்டு பழகிய இரசிகருக்கு அது வெற்றிக்கு நிகரான செய்தியாய் இருந்தது. பின்னர் இங்கிலாந்திலிருந்து டிலன் டி சில்வாவும், ஜெர்மனியிலிருந்து குளோடியோ கம்மர்க்னெக்ட்டும், அவுஸ்திரேலியாவிலிருந்து ஜெக் ஹிங்கர்ட்டும் வந்தனர். பாரத் சுரேஷ், ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பெயர்களும் இவ்வரிசையில் இடம்பெற்றன. 2024 செப்டெம்பரிற் கம்போடியாவைத் தண்ட உதைகளால் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்கு இலங்கை சென்றது. 2025 யூனிற் கொழும்பிலே சீனத் தாய்ப்பேயை 3-1 எனத் தோற்கடித்தது. உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே கிடந்த ஓர் அணிக்கு இவை சிறு செயல்கள் அல்ல.

இம்மாற்றத்தையொட்டி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. புலம்பெயர்ந்தோரே இனி இவ்விளையாட்டைக் காப்பர் என்பது ஒன்று. அவர் உள்ளூர் இளைஞரின் இடத்தைப் பறிக்கின்றனர் என்பது மற்றொன்று. பின்னதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பறிக்கப்படுவதற்கு இடமொன்று முன்னரே இருந்திருத்தல் வேண்டும். கோமாரிச் சிறுவனுக்குத் தேசிய அணியில் இருந்த இடம் எது? அவன் ஊரிலிருந்து பாடசாலை அணிக்கும், அங்கிருந்து மாவட்ட லீக்குக்கும், மாவட்டத்திலிருந்து கொழும்புக் கழகமொன்றுக்கும் ஏறிச் செல்ல ஒழுங்கான படிகள் இருந்தனவா? மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து தம் கால்வலிமையால் மேலேறியோர் உளர். கிழக்கிலிருந்தும் ஒருசிலர் ஏறினர். அவர்கள் படிகளின் துணையால் ஏறினர் எனல் பொருந்தாது. படிகள் இன்மையையும் மீறி ஏறினர் என்பதே சரி. ஆகவே ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ வளர்ந்த ஓர் இளைஞன் வந்து அணியில் இடம்பெறும்போது, கரையோரச் சிறுவன் இழப்பது புதிதாக ஒன்றுமில்லை. அவன் முன்னரே இழந்திருந்தது இப்பொழுது பலர் கண்ணிலும் படுகின்றது. அதற்காக வந்தவனைப் பகைத்தல் முறையாகாது.

முதற்கருத்து இதனினும் விரிவான ஆய்வை வேண்டி நிற்பது. அதனை மதிப்பிடுதற்கு வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் பயன்தரும். இவ்விளையாட்டை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கொணர்ந்தோரே புலம்பெயர்ந்தோர்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியச் சிப்பாய்களும் வணிகரும் உத்தியோகத்தரும் கொழும்பிலும் கல்கத்தாவிலும் தம் பொழுதுபோக்குக்காக ஆடினர். ஆடியதோடமையாது, ஆட்டத்தை நிருவகிக்கும் அதிகாரத்தையும் தம் கையில் வைத்திருந்தனர். 1893இற் கல்கத்தாவிலே தோன்றிய இந்திய உதைபந்தாட்டச் சங்கம் நெடுங்காலம் ஐரோப்பியரின் நிருவாகத்தில் இருந்தது. 1911 யூலை 29ஆந் திகதி மோகன் பகான் அணியினர் கிழக்கு யோக்சயர் படையணியை 2-1 என வென்று அச்சங்கத்தின் கேடயத்தைக் கைப்பற்றிய நிகழ்ச்சி பலரும் அறிந்தது. பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய அவ்வணி களத்தில் வெள்ளையரை வென்றதைக் கொண்டாடுவோர், அதன் பின்னரும் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்குமேல் இருத்தலாகாது என்னும் விதி 1920களின் நடுப்பகுதிவரை நீடித்ததைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. களம் உள்ளூரவர்க்குத் திறந்துவிடப்பட்டது, கதிரை திறந்துவிடப்படவில்லை. கேடயம் வென்ற வீரர்கள், யார் யாரோடு எப்பொழுது ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் அறைக்கு வெளியே நின்றனர்.

இலங்கையில் 1939இற் தேசியச் சங்கம் அமைந்து, 1952இற் பீபாவில் உறுப்புரிமையும் கிடைத்தது. கதிரை உள்நாட்டவர் வசமாயிற்று. அது நியாயமானதே. இன்று நேர்ந்திருப்பதோ கல்கத்தாவில் அன்று நிலவிய ஒழுங்கின் தலைகீழ் வடிவம். களம் புலம்பெயர்ந்தோர்க்குத் திறந்திருக்கின்றது. பயிற்றுவிப்பாளரின் ஆசனமும் அவ்வாறே. பிரேசிலைச் சேர்ந்த குளோடியோ ரொபேர்டோ, சேர்பியாவைச் சேர்ந்த நிகோலா கவசோவிச், பொஸ்னிய வழியில் வந்த அவுஸ்திரேலியரான அமிர் அலகிச், ஸ்கொத்லாந்தின் அன்டி மொரிசன், குவைத்தின் அப்துல்லா அல் முதைரி எனக் கடந்த சில ஆண்டுகளுக்குள் வந்தோர் பலர். ஆனால் லீக் எப்பொழுது தொடங்குவது, எத்தனை வாரம் நடத்துவது, பதினைந்து வயதுச் சிறுவரைத் தேடி எந்த மாவட்டத்துக்கு எவரை அனுப்புவது, கிடைத்த நிதியை எங்கே செலவிடுவது என்பவற்றில் இவர்களுள் எவர்க்கும் தீர்க்கமான குரல் இருந்ததில்லை. தோற்றால் பயிற்றுவிப்பாளர் போவார். வென்றால் கடல் கடந்து வந்தவர்களே காரணம் எனப் பத்திரிகைகள் எழுதும். பாராட்டும் பழியும் அதிகாரமற்றோர்மீதே விழுகின்றன என்பது இவ்வேற்பாட்டில் ஊன்றி நோக்கத்தக்க அம்சம்.

கதிரையின் கதையையும் கூறாதிருத்தல் இயலாது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசியச் சங்கங்களை அமைச்சின் கண்காணிப்பின்கீழ் வைத்தது. தேசிய அணியொன்று வெளிநாடு செல்வதற்கும் அமைச்சின் அங்கீகாரம் தேவையாயிற்று. பீபாவோ அரசாங்கத் தலையீடு எவ்வடிவில் வரினும் ஏற்காத அமைப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே, மாவட்ட லீக்குகளின் பிரதிநிதிகளுடைய வாக்குகளால் தெரிவாகும் நிருவாகம் இருக்கின்றது. வாக்குள்ள லீக்கைத் திருப்திப்படுத்துதல் ஒரு கலை. அந்த லீக்கில் ஆட்டம் ஒழுங்காக நடக்கின்றதா என்று பார்த்தல் வேறொரு தொழில். முன்னதிற் கைதேர்ந்தோர் பின்னதிலும் வல்லவராய் இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. 2013இற் சம்மேளனத்தின் முன்னாள் தலைவரொருவர் பீபாவின் ஒழுக்கக் குழுவால் தடைசெய்யப்பட்டார். 2023 சனவரியில், தேர்தலையொட்டி எழுந்த மூன்றாந்தரப்புத் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையையே பீபா இடைநிறுத்தியது. அத்தடை நீங்கியது ஆகஸ்டில். அவ்விடைவெளியிற் பெங்களூரில் நிகழ்ந்த தென்னாசியச் சுற்றுப்போட்டியில் இலங்கை இல்லை. ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு யெமனை எதிர்கொண்டபோது, முதல் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்று, கொழும்பில் 1-1 எனச் சமன்செய்து வெளியேறிற்று. ஏழு மாதங்கள் சர்வதேச ஆட்டமின்றி இருந்த அணிக்கு வேறு முடிவை எதிர்பார்த்தல் எங்ஙனம்? (இந்தியாவும் 2022 ஆகஸ்டில் இவ்வாறே இடைநிறுத்தப்பட்டது, ஆயின் பதினொரு நாள்களில் மீண்டது.) அவ்வாண்டின் இழப்புக்கு அயல்நாட்டிற் பிறந்த வீரர் எவரும் காரணரல்லர். அவர்களால் அதனைத் தடுத்திருக்கவும் முடியாது.

இனி, புலம்பெயர்ந்தோர் என்றதும் ஐரோப்பாவையும் அவுஸ்திரேலியாவையும் மட்டும் நினைத்தல் கொழும்பின் கண்ணாடியால் உலகைப் பார்ப்பதாகும். அம்பாறைக் கரையோரத்துக்கு வேறொரு புலப்பெயர்வு உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து இவ்வூர்களின் ஆண்களும், பின்னர் பெண்களும், சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கச் சென்றனர். அவர்தம் உழைப்பால் ஊர்களில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர், கழகங்களும் மூச்சு விட்டன. பெருநாளையொட்டி நடக்கும் சுற்றுப்போட்டியின் வெற்றிக் கிண்ணம், ஓர் அணியின் மேலங்கிகள், மைதானத்து மின்விளக்கு ஆகியவற்றின் பின்னால் டோகாவிலோ ரியாதிலோ வாகனம் ஓட்டும் ஒருவரின் சம்பளத்துண்டு இருத்தல் இங்கு வியப்புக்குரியதன்று. 2022 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டாரில் எழுந்த அரங்குகளிற் தென்னாசியத் தொழிலாளரின் வியர்வை கலந்திருந்தது. அதே கைகள் தத்தம் ஊர் மைதானத்துக்கும் வலை வாங்கி அனுப்பின. இவர்கள் வேற்று நாட்டுக் குடியுரிமை பெறாதவர், பெறவும் இயலாதவர். ஆதலின் எப்பொழுதாவது திரும்புவர். திரும்பி வந்து கழகத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ அமர்வோரும் உளர். நாட்டின் உதைபந்தாட்டத்தில் வெளிநாட்டுப் பணம் அடித்தளத்தைச் சென்று சேருமிடம் ஒன்று உண்டெனின், அது பெரும்பாலும் இந்த வழியே. ஆயினும் தேசிய அணியின் வளர்ச்சி பற்றிய பேச்சுகளில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. லண்டனில் வளர்ந்த முன்கள வீரன் ஒருவனைக் கண்டுபிடித்ததைச் சாதனையென்று கூறும் நிருவாகம், மருதமுனைக் கழகமொன்றின் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பந்து வாங்கித் தந்தவர் யார் என்று கேட்டதில்லை.

இவ்விடத்து ஒரு குறையையும் மறைத்தலாகாது. வளைகுடாப் பணம் சுற்றுப்போட்டியை விரும்பும், லீக்கை விரும்பாது. மூன்று நாள்களில் முடியும் ஏழு பேர் ஆட்டம், பரிசுத்தொகை, ஒலிபெருக்கி, பிரதம அதிதி என்பன அனுப்பியவருக்கு உடனடி மனநிறைவைத் தருவன. இருபது வாரங்கள் மழையிலும் வெயிலிலும் நடக்கும் லீக், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஆறு ஆண்டுகள் பொறுமையோடு பயிற்சியளிக்கும் ஓர் ஆசிரியர் ஆகியவற்றின் பயனைப் படமெடுத்து டோகாவுக்கு அனுப்ப முடியாது. அன்றியும் இக்கரையோரத்திற் கழகங்கள் ஊர்வாரியாகவும் இனவாரியாகவும் பிரிந்து நிற்பவை. தமிழூரின் கழகமும் முஸ்லிமூரின் கழகமும் ஆண்டில் ஓரிரு முறை எதிரெதிரே ஆடினும், இரண்டிலும் சிறந்த பதினொருவர் ஒரே அணியாய்ப் பயிலும் வாய்ப்பு அரிது. போர்க்காலத்தின் ஐயங்கள் முற்றாக மறையாத பிரதேசத்தில், வெளியிலிருந்து வரும் பணம் தன் ஊருக்கே வருமாதலின், அப்பிரிவினையை அது அறியாமலே வலுப்படுத்துகின்றது. இதனைச் சீர்செய்ய வேண்டியது மாவட்ட லீக். அதற்குரிய காலஅட்டவணையும் மேலிடத்து ஆதரவும் அதற்குக் கிடைத்தல் வேண்டும்.

முற்றிலும் புலம்பெயர்ந்தோரே நடத்தும் உதைபந்தாட்டம் எவ்வாறிருக்கும் என்பதற்கும் தமிழரிடையே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழீழம் என்னும் பெயரில் 2012இல் அமைந்த அணி, அவ்வாண்டு குர்திஸ்தானிலும், 2014இற் சுவீடனின் ஒஸ்டர்சுண்டிலும், 2018இல் லண்டனிலும் பீபாவிற் சேராத அணிகளுக்கான போட்டிகளில் ஆடியது. வீரரும் நிருவாகிகளும் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் வாழ்வோர். அதன் அரசியல் பற்றிய விவாதம் வேறு. விளையாட்டு நோக்கில் மட்டும் பார்த்தால், அங்கே களமும் கதிரையும் ஒரே சாராரிடம் இருந்தன. எனவே தோல்விக்கும் வெற்றிக்கும் பொறுப்பாளர் யாவர் என்பதில் மயக்கமில்லை. ஆனால் அவ்வணியின் கீழே ஒரு லீக் இல்லை, பாடசாலை இல்லை, அது பெயர்கூறும் நிலத்தின் மைதானம் ஒன்றேனும் இல்லை. முல்லைத்தீவிலோ திருக்கோவிலிலோ பந்துதைக்கும் சிறுவன் அவ்வணிக்குள் புக வழியுமில்லை. புலத்தில் வளர்ந்த தலைமுறையின் அடையாள வேட்கைக்கு அது வடிவம் கொடுத்தது. ஊரின் விளையாட்டு அதனாற் தொடப்படவில்லை. தேசிய அணியில் இடம்பெற்ற தமிழ் இளைஞரையும், இதில் ஆடிய இளைஞரையும் எதிரெதிரே நிறுத்தித் துரோகம், தியாகம் என்று பட்டம் சூட்டுவோர் இரு பக்கத்திலும் உளர். பெற்றோர் 1983இன் பின்னர் எதற்காக நாட்டை விட்டோடினர் என்பதை அறிந்தும் அந்நாட்டின் மேலங்கியை அணியும் ஓர் இளைஞனின் மனநிலையை அத்துணை எளிதாய்த் தீர்ப்பிட முடியும் எனத் தோன்றவில்லை.

உலகின் பிற பகுதிகளிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் பெரும்பாலும் தவறாகவே எடுக்கப்படுகின்றது. 2022இல் உலகக் கிண்ண அரையிறுதிக்குச் சென்ற மொரோக்கோ அணியின் 26 வீரருள் 14 பேர் அயல்நாடுகளிற் பிறந்தவர். பயிற்றுவிப்பாளர் வலீத் ரெக்ராகியும் பிரான்சிற் பிறந்தவர். இதனைச் சுட்டி, வெளிநாட்டில் வளர்ந்தோரை அழைத்தாற் போதும் என்கின்றனர். எஞ்சிய பன்னிருவரின் கதையை விட்டுவிடுகின்றனர். 2010இற் திறந்துவைக்கப்பட்ட ஆறாம் முகம்மது பயிற்சியகத்திலே வளர்ந்த நயீப் அகுவேர்ட், யூசுப் என்-நெசிரி, அசெதின் ஊனாகி ஆகியோர் அவ்வணியின் தூண்களாய் இருந்தனர். போர்த்துக்கலை வீழ்த்திய ஒரே கோலை அடித்தவர் என்-நெசிரிதான். வெளியிலிருந்து வந்தோர் உள்ளே வளர்ந்தோருடன் சேர்ந்தே அவ்வணியை ஆக்கினர். 2025 நவம்பரில் உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற குராசோ, பெரும்பாலும் நெதர்லாந்திற் பிறந்தோரையே கொண்ட அணி என்பது உண்மை. ஆயினும் அது நெதர்லாந்து இராச்சியத்தின் ஓர் அங்கமான சிறு தீவு. அதன் இளைஞர்க்கு நெதர்லாந்தின் கழகங்களே உள்ளூர்க் கழகங்கள்போல. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களும், இருபத்தைந்து மாவட்டங்களும், மாவட்டந்தோறும் பாடசாலைகளும் உள்ள இலங்கைக்கு அவ்வுவமை பொருந்தாது. 1995இற் கொழும்பிலே இந்தியாவை 1-0 என வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை அணி உள்ளூர் மைதானங்களில் வளர்ந்தோரின் அணி. அம்மைதானங்கள் இன்னும் இருக்கின்றன.

அவ்வாறாயிற் புலம்பெயர்ந்தோர்க்கும் சம்மேளனத்தில் வாக்குரிமை வழங்குதல் தீர்வாகுமா? அதுவும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஒரு முடிவின் விளைவோடு அன்றாடம் வாழாதவரிடம் அம்முடிவை எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தல், கல்கத்தாவின் பழைய தவறுக்குப் புதுப்பெயர் சூட்டுவதாய் முடியும். அவர்களிடமிருந்து பெறத்தக்கது வேறு. ஐரோப்பாவிற் பயிற்றுவிப்பாளர் தகைமை பெற்ற, இந்நாட்டு வேரையுடையோர் தேசிய அணியின் ஆசனத்துக்கு வருவதற்குப் பதிலாகக் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கி உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க ஒப்பந்தம் செய்யலாம். தேசிய அணிப் பயிற்றுவிப்பாளரின் ஒப்பந்தத்திலேயே, ஆண்டில் இத்தனை மாவட்டங்களுக்குச் சென்று இத்தனை தேர்வுமுகாம்கள் நடத்துதல் வேண்டும் என எழுதலாம். வெளிநாட்டில் வாழும் கணக்காளரைக் கொண்டு சம்மேளனத்தின் கணக்கைப் பகிரங்கமாகச் சரிபார்க்கச் செய்யலாம்; அதற்கு வாக்கு வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் ஒரு பங்கை ஊர்க் கழகங்கள் தாமே ஒன்றுசேர்ந்து, இன பேதமின்றி, மாவட்ட இளையோர் லீக்குக்கு ஒதுக்க முன்வரலாம். இவற்றுள் முதல் மூன்றும் கொழும்பின் விருப்பத்தைப் பொறுத்தவை. இறுதியானது கரையோரத்தாரின் கையிலேயே உள்ளது. அதனாற்றான் அது கூடுதலாகக் கடினமானது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கோமாரியையும் கல்முனையையும் ஒருசேர அழித்த பின்னர், கடல்கடந்த தொண்டு நிறுவனங்கள் பல இக்கரைக்கு வந்தன; வீடு கட்டின; கிணறு துப்புரவாக்கின; காலம் முடிந்ததும் சென்றன. அவர்களை எவரும் குறைகூறவில்லை. அவர்கள் சென்றபின் எஞ்சிய பணிகளைப் பிரதேச செயலகமும் பாடசாலையும் ஊர்ச்சங்கமும் எடுத்துக்கொண்ட இடங்களில் அவ்வுதவி நிலைத்தது. எடுத்துக்கொள்ளாத இடங்களில் வெற்றுக் கட்டடமாய்ப் பாழ்பட்டது. கோமாரியின் இன்றைய ஆட்டக்காரருக்கு அப்பேரலை பெற்றோர் சொல்லக் கேட்ட கதை. அவர்களுள் மூத்தவனுக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும். கொழும்பில் இலங்கை அணி ஆடும் ஆட்டத்தை அவன் கைத்தொலைபேசியிற் பார்க்கின்றான். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களின் பெயர்களையும் பிழையின்றிச் சொல்கின்றான். அம்பாறை மாவட்டத்தில் அடுத்த இளையோர் தேர்வு எங்கே, எப்பொழுது நடைபெறும் என்று அவனைக் கேட்டால், அவனிடம் விடையில்லை. அவன் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியருக்கும் அது பற்றி இதுவரை கடிதம் வரவில்லை.